இருபதாவது சம்பூர்ணம்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. நாச்சிமுத்துவின் மனைவி சம்பூர்ணம் அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி மணியடித்தது. ஒன்றரை வருடமாக வாயே திறக்காத பெட்டி. நாச்சிமுத்து பதறிப்போய் எடுத்தார். மறுமுனையில் சம்பூர்ணம் பேசினாள்.

“ஏனுங்க, அந்த பீரோ சாவிய எங்கதான் வெச்சுத் தொலைச்சீங்க?”

“சாமி ரூம்ல, முருகர் படத்துக்குப் பின்னால” என்று இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சம்பூர்ணம் ஜல்லிக் கரண்டியோடு அங்கேயேதான் நின்றாள். கையில் போன் இல்லை.

“யாருங்க போன்ல?” என்றாள்.

“நீதான்” என்றார் நாச்சிமுத்து.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாச்சிமுத்து பீளமேட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் லேப் டெக்னீஷியன். வயது ஐம்பத்து மூன்று. அதற்கு முன்னால் பத்து வருடம் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தவர். தலைமுடி கனமுள்ள செம்புக் கம்பியை ஒரு சுற்றுகூடப் பிசகாமல் இரண்டாயிரத்து நானூறு சுற்று சுற்றக்கூடிய கை அந்தக் கல்லூரியில் அவருடையது மட்டும்தான். அதனால்தான் குவாண்டம் இயற்பியல் பேராசிரியை ரெஜினா மேடம் தன் வாழ்நாள் ஆராய்ச்சியின் காயிலைக் கட்ட அவரைக் கூப்பிட்டார். பக்கத்துப் பக்கத்து உலகங்களோடு பேசுகிற கருவி அது. மேடம் அதற்குக் ‘கிளைபேசி’ என்று பெயர் வைத்திருந்தார். காதில் வைத்துப் பேச வேறு எதுவும் அகப்படாமல், பழைய வீட்டு டெலிபோனின் ரிசீவரையும் எண் பலகையையுமே அதில் மாட்டியிருந்தார்கள்; ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு எண்.

லேப்புக்கு அடுத்த அறையில் எந்நேரமும் வெல்டிங். அந்த இரைச்சலில் பெட்டிக்கு எதுவும் கேட்காது என்று மேடத்துக்குச் சந்தேகம். “உங்க வீடு சந்துக்கடைசியில அமைதியா இருக்குமே நாச்சிமுத்து. சும்மா ஆன் பண்ணி ஒரு மூலையில வெச்சிருங்க” என்று கொடுத்தனுப்பினார். சம்பூர்ணம் அதற்கு ஒரு பின்னல் உறை போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்தாள்.

இப்போது ரோஜாவைத் தள்ளிவிட்டு ரிசீவரை இறுகப் பிடித்தார் நாச்சிமுத்து. அந்தச் சம்பூர்ணம் பேசிக்கொண்டே போனாள்.

“மேடம்தானுங்க சொன்னாங்க, இதுல அடிச்சா நீங்க வேற ஒரு ஒலகத்துல எடுப்பீங்க, பயப்படாமப் பேசுன்னு. நீங்க போயி எட்டு மாசமாச்சு. பீரோவ ஒடைக்க ஆளக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்.”

“நான் எங்க போனேன்?”

“அதேன் கேக்கறீங்க. கார்த்திகைல, அவினாசி ரோட்டுல, ஸ்கூட்டர்ல போகையில லாரி வந்து…”

நாச்சிமுத்துவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. “அன்னிக்கு ஸ்கூட்டர் ஸ்டார்ட்டே ஆகலியே சம்பூர்ணம். இருபது ஒதை ஒதச்சுட்டு பஸ்ல போனேன்.”

“இங்க மொத ஒதையிலயே ஸ்டார்ட் ஆயிருச்சுங்க” என்றாள் அவள்.

அடுப்படியில் பஜ்ஜி கருகிய வாசம் வந்தது.

*

திங்கட்கிழமை காலை செய்தியைக் கேட்ட ரெஜினா மேடத்துக்கு முதலில் வந்தது ஆச்சரியமில்லை, பொறாமை.

“அந்த உலகத்துல நான் இதை முன்னாடியே வேலை செய்ய வெச்சுட்டேனா? எத்தனை மாசம் முன்னாடி?”

“தெரியலீங்க மேடம்.”

“கேட்டிருக்கணும் நாச்சிமுத்து. பீரோ சாவியா முக்கியம்?”

வெள்ளிக்கிழமைக்குள் ஏழு அழைப்புகள் வந்துவிட்டன. ஏழும் சம்பூர்ணங்கள். ஏழு பேரும் விதவைகள். ஓர் உலகத்தில் நாச்சிமுத்து ஈரக்கையோடு வாட்டர் ஹீட்டரைத் தொட்டிருந்தார். இன்னொன்றில் மொட்டைமாடித் தொட்டியை எட்டிப் பார்த்து விழுந்திருந்தார். மூன்றாவதில் சொந்தத் தங்கை மகள் கல்யாணத்தில் மைசூர்பாகு தொண்டையில் அடைத்து, மணமேடைக்கு எதிரிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். இந்த உலகத்தில் அன்றைக்குப் பந்தியில் தனக்கு முதல் வரிசை தரவில்லை என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டார். கோபம் உயிரைக் காக்கும் என்று அதற்கு முன் அவருக்குத் தெரியாது.

“எப்படீங்க மேடம் இது?” என்றார்.

“ஒரு காசைச் சுண்டினா பூவோ தலையோ ஏதாவது ஒண்ணுதான் விழும். ஆனா அணு அளவுல ரெண்டுமே விழும். உலகம் கிளை பிரிஞ்சிடும். ஒரு கிளையில பூ, ஒரு கிளையில தலை. உங்க ஸ்கூட்டர் பிளக்ல பொறி வந்துதா இல்லையாங்கறதும் அப்படித்தான். வந்த கிளையில நீங்க லாரிக்கு அடியில. வராத கிளையில பஸ்ஸுல ஜன்னலோரம்.”

“செரிங்க. ஆனா ஏழு தடவ செத்திருக்கேன். ஒரு தடவகூட எனக்குத் தெரியலீங்களே?”

“தெரியறதுக்கு ஆள் இருந்தாத்தானே? நீங்க உயிரோட இருக்கிற கிளையிலதான் ‘நான் இருக்கேன்’னு நினைக்க நீங்க இருப்பீங்க. அதனால ஒவ்வொரு கண்டத்துலயும் தப்பிச்ச மாதிரிதான் உங்களுக்குத் தோணும். எப்பவும் அப்படித்தான் தோணும்.”

நாச்சிமுத்து கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அப்ப என்ற கணக்குல நான் சாகவே மாட்டனுங்களா?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க கணக்குல மாட்டீங்க. உங்க சம்சாரத்தோட கணக்குல ஏழு தடவை செத்தாச்சு. இன்னொண்ணு, சாக மாட்டீங்கன்னுதான் சொன்னேன். கை கால் நல்லா இருக்கும்னு நான் சொல்லலை.”

முதல் வாக்கியத்தோடு நாச்சிமுத்துவின் காது அடைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் வெல்டிங் சத்தத்தில் போயிற்று.

*

சாகாவரம் கிடைத்த மனிதனின் நடை எப்படி இருக்கும் என்பதை பீளமேடு அந்த ஆவணி மாதம் முழுக்கப் பார்த்தது. நாச்சிமுத்து ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பதை விட்டுவிட்டார். பஸ் டிரைவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவருடைய குலம் கோத்திரமெல்லாம் விசாரித்தார்கள். அவர் புன்னகையோடு கையசைத்தார். ஹெல்மெட் தலையிலிருந்து ஸ்கூட்டர் கண்ணாடிக்கு இடம் மாறியது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மைசூர்பாகை ஆரம்பித்தார். அதுவும் ஒரு பழிவாங்கல் மாதிரி, முழுத்துண்டாக வாயில் போட்டு, சம்பூர்ணத்தைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

“என்னங்க இது, கூத்து?” என்றாள் சம்பூர்ணம்.

“எனக்கு ஒண்ணும் ஆகாது. சயின்ஸ்.”

“அந்த சயின்ஸ எனக்கும் சித்த சொல்லுங்க.”

“உனக்குப் புரியாது.”

அவளுக்குப் புரியாமலிருக்க வாய்ப்பே இல்லை. நாளுக்கு நாள் பெட்டி அடிப்பது கூடிக்கொண்டே போனது. ஏழு, பதினொன்று ஆயிற்று. பதினொன்று, பதினாறு ஆயிற்று. இங்கே நாச்சிமுத்து பார்க்காமல் ரோட்டைக் கடந்தால், அன்று சாயங்காலமோ மறுநாளோ புதிதாக ஒரு சம்பூர்ணம் கூப்பிட்டாள். காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவே இருந்த நூலை நாச்சிமுத்து பார்க்கவில்லை. அவரைப் பொறுத்தவரை சாயங்கால வேலை கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

ஏனென்றால் அவர் ஒரு விசாரணை அலுவலகமே நடத்த வேண்டியிருந்தது. மனிதர்கள் எதையும் சொல்லி வைக்காமல் செத்துப் போகிறார்கள். அது எல்லா உலகத்திலும் உள்ள வழக்கம்போல. கல்லூரியிலிருந்து வந்து காபி குடித்ததும் பெட்டி முன் உட்காருவார்.

“சிலிண்டர் புக்கா? பிரிட்ஜ் மேல, பழைய காலண்டருக்கு அடியில.”

“மோட்டார் ஓடலீன்னா கெபாசிட்டர் போயிருக்கும். சிங்காநல்லூர்ல வாங்கு. நாலு மைக்ரோன்னு சொல்லு.”

“என்ற போனுக்கு லாக்கா? ‘ட’ மாதிரி இழு.”

நூற்று அறுபத்தேழாம் உலகத்துச் சம்பூர்ணம் ‘ட’ மாதிரி இழுத்துத் திறந்து பார்த்துவிட்டு, மறுநாள் மறுபடியும் கூப்பிட்டாள்.

“யாருங்க அந்த லலிதா? இருபத்தியொரு தடவ பேசியிருக்கறீங்க.”

“கொசுவலைக் கதவு போடறவ சம்பூர்ணம்! அளவெடுக்க வர்றன் வர்றன்னு வரவேயில்ல. அதுக்குத்தான் அத்தன தடவ.”

“நல்லவேள போயிச் சேந்தீங்க” என்று வைத்துவிட்டாள் அவள்.

அடுப்படியிலிருந்து இந்த உலகத்துச் சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். “எந்த லலிதாங்க?”

ஒரே கேள்விக்கு இரண்டு உலகத்தில் பதில் சொன்ன முதல் கணவன் அநேகமாக நாச்சிமுத்துவாகத்தான் இருப்பார்.

*

பத்தொன்பதாவது சம்பூர்ணம் கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை. அன்று காலை ஹோப் காலேஜ் சிக்னலில் மஞ்சள் விளக்கு சிவப்பாக மாறுகிற நேரத்தில் நாச்சிமுத்து புகுந்து போனார். இடப்பக்கமிருந்து வந்த டெம்போ ஒரு சாண் இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றது. கல்லூரி போய்ச் சேரும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டி அடித்தது. எடுத்து, “சொல்லு சம்பூர்ணம், என்ன காணோம்?” என்றார்.

“ஒண்ணும் காணோமில்லீங்க” என்றாள்.

“அப்புறம்?”

“உங்க நீலச் சட்டை கொடியில கெடக்குது. காலைல தொவைச்சுப் போட்டது. நல்லாக் காஞ்சிருச்சு. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. அந்தச் சட்டைய எடுக்கறதா, அப்பிடியே உட்டுடறதான்னு தெரியலீங்க. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. அதான்.”

நாச்சிமுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொல்லைப்புறக் கொடியில் அவருடைய நீலச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் அதைப் பிழிந்து போட்டபோது சம்பூர்ணம் ஒருத்தியாக இருந்தாள். சிக்னலில்தான் இரண்டானாள்.

“டெம்போவா?” என்றார்.

“ஆமாங்க.” பிறகு கேட்டாள். “ஏனுங்க, மஞ்சள்ல நிக்கறதுக்கு ரெண்டு நிமிசம் ஆகுமா? நானு இங்க இருக்கறனுங்கறது நெனப்பே வரலீங்களா?”

முந்தைய பதினெட்டுப் பேருக்கும் நாச்சிமுத்துவிடம் பதில் இருந்தது. இவளுக்கு இல்லை. “சட்டைய எடுத்து மடிச்சு வெச்சிரு சம்பூர்ணம்” என்று மட்டும் சொன்னார். அவள் “செரிங்க” என்றாள். இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவந்த அதே ‘செரிங்க’.

அன்று அவர் கொல்லைக்குப் போய்த் தன் சட்டையைத் தானே எடுத்தார். எடுத்ததோடு சரி. கையில் பிடித்தபடி துவைக்கிற கல்லின்மேல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சாக மாட்டேன், சரி. ஆனால் சாகாமல் நான் தப்பிக்கிற ஒவ்வொரு தடவையும், தப்பிக்காத பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள். நான் அவளை அங்கேயே விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்துவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து நாச்சிமுத்து வேறு மனிதர். வேறு என்றால் கொஞ்சம் அதிகமாகவே வேறு. மொட்டைமாடிக்கு வடாம் எடுக்கப் போனால்கூட ஹெல்மெட். மைசூர்பாகைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஸ்கூட்டர் போகிற வேகத்தில் நடந்துபோகிறவர்கள் அவரை முந்தினார்கள். பச்சை விளக்கிலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களிடம், “உங்க ஊட்டம்மாவுக்காகத்தானுங்க நிக்கறன்” என்றார். யாருக்கும் புரியவில்லை.

புதிய அழைப்புகள் நின்றுபோயின. பத்தொன்பதோடு சரி. ஆனால் அந்தப் பத்தொன்பது பேரும் சாயங்காலமானால் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் சீக்கிரம் வைக்கப் பார்த்தவர், இப்போது குற்ற உணர்ச்சியில் ஒவ்வொருத்தியிடமும் அரை மணி நேரம் பேசினார். இந்த உலகத்துச் சம்பூர்ணம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, இடது தோளைப் பிடித்துவிட்டபடி தனியாக டிவி பார்த்தாள். சத்தத்தைக் குறைத்துத்தான். அவர் போனில் இருக்கிறாரே.

*

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை. கல்லூரியில் கரண்ட் இல்லை. பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார் நாச்சிமுத்து. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சம்பூர்ணம் பெட்டி முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவு புளியக் கரைச்சா ரசம் எப்பிடீங்க வரும்? உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?”

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ரிசீவரில் கசிந்தது ஓர் ஆண் குரல்; பெட்டியில் அதுவரை ஆண் குரல் வந்ததே இல்லை. பேச்சோ மரியாதைப் பேச்சு, சிரிப்போ அவர் கேட்டு வெகுநாளான சிரிப்பு. நேராகப் போய் ரிசீவரைப் பிடுங்கினார்.

“யாருங்க அது?”

“நாச்சிமுத்துங்க” என்றது மறுமுனை.

“நான்தானுங்க நாச்சிமுத்து.”

“நானுந்தானுங்க.”

தன் மேலேயே பொறாமைப்படுவது எப்படி என்று தெரியாமல் நாச்சிமுத்து விழித்தார். “அங்க சம்பூர்ணம் இல்லீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றது அவருடைய குரல். “மாசி பத்தொம்பது. மாவாட்டிட்டு இருந்தா. ஏனுங்கன்னு ஒரு சத்தம் குடுத்தா. நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க. மூணு மாசமா எடது தோளு வலிக்குது, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு இருந்திருக்கறா. வாயுன்னு நெனச்சு இஞ்சிக் கசாயம் குடிச்சிட்டே இருந்திருக்கறா.”

உலகம் கிளை பிரியும்போதெல்லாம் சாவது தான் மட்டும்தான் என்று நாச்சிமுத்து இத்தனை நாளும் நினைத்திருந்தார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் இடது தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“எத்தன நாளா?” என்றார்.

“அவரு பேசறதுங்களா? பன்னெண்டு நாளா.”

“வலி.”

“அது ஒரு ரெண்டு மாசமா இருக்குதுங்க.”

“ஏஞ் சொல்லல?”

“எப்பங்க சொல்றது? சாயங்காலமானா பத்தொம்பது பேருக்குப் பதில் சொல்லிட்டு இருக்கறீங்க. இருபதாவது ஆளா நானும் வந்து வரிசைல நிக்கறதா?” அவள் குரலில் கோபமில்லை. “தனிச்சு ஆசுபத்திரிக்குப் போகவும் பயம். அவரு தெனமும் கூப்புட்டு, போ போன்னு உசுர எடுக்கறாரு. நான்தான் பேச்ச ரசத்துக்கு மாத்தி உட்டுடறது.”

ரிசீவருக்குள்ளிருந்து நாச்சிமுத்துவின் குரல் கத்தியது. “இன்னும் பேசிட்டு நிக்கறீங்களேய்யா! ஆட்டோ புடிங்க!”

ஆட்டோவில் போகும்போது சம்பூர்ணம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “மாவு வெளியவே இருக்குதுங்க. புளிச்சுப் போகும்.”

*

இருதய ஆசுபத்திரியில் இளம் டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். பெரிய குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு. “நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் பத்து நாள் போயிருந்தா…” என்று தொடங்கி, நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று உள்ளே அழைத்துப் போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

ஓசூரிலிருந்து மகள் கிளம்பியிருந்தாள். அதற்குள் ரெஜினா மேடம் ஒரு பிளாஸ்கோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருவரும் கதவையே பார்த்திருந்தார்கள்.

“மேடம்” என்றார் நாச்சிமுத்து. “அவளுக்கும் அப்பிடித்தானுங்களே? அவளும் சாக மாட்டாதானுங்களே?”

“அவங்க கணக்குல மாட்டாங்க.”

“என்ற கணக்குல?”

மேடம் பிளாஸ்கின் மூடியில் காபியை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். பிறகு, கிளாஸில் பாடம் எடுக்காத குரலில் சொன்னார்.

“இந்தச் சாகாவரம் ஒத்தை ஆளுக்குத்தான் நாச்சிமுத்து. ரெண்டு பேருக்குச் சேத்துக் குடுக்கற மாதிரி கணக்கு வர மாட்டேங்குது. நானும் போட்டுப் போட்டுப் பாத்துட்டேன். அவரு போயி ஆறு வருசமாச்சு. எதுக்கு இந்தப் பெட்டியக் கட்டினேன்னு நினைக்கறீங்க?”

ரெஜினா மேடத்துக்கு ஒரு கணவர் இருந்தார் என்பதே நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் தெரியும். “கெடைச்சாருங்களா மேடம்?”

“பெட்டி ஆன் பண்ணின இந்த ஒன்றரை வருசத்துக்குள்ள பிரிஞ்ச கிளையோடதான் பேசும். அவரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. காபியக் குடிங்க.”

நாச்சிமுத்து குடித்தார். தன் வாழ்நாளில் எத்தனையோ கண்டங்களில் எப்போதும் பிழைத்த பக்கத்திலேயே வந்து விழுந்தவர் அவர். இந்தக் கதவுக்கு அந்தச் சலுகை இல்லை. கதவு திறக்கும்போது அவர் எந்தப் பக்கத்திலும் நிற்கலாம். எந்தப் பக்கத்தில் நின்றாலும் அவர் உயிரோடுதான் இருப்பார். அதை நினைத்ததும், சாகாவரம் என்பதே அவருக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: “நல்லா இருக்காங்க. மாவு பிரிட்ஜ்ல வெச்சாச்சான்னு கேக்கறாங்க.”

நாச்சிமுத்து சிரிக்க வாயைத் திறந்தார். வந்தது வேறு. மேடம் பிளாஸ்க் மூடியைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தார்.

*

நான்காம் நாள் சம்பூர்ணம் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் படுக்கச் சொன்னால் கேட்காமல், கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மகள் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். “மொதல்ல அவருக்குச் சொல்லுங்க. பாவம், காத்துட்டிருப்பாரு” என்றாள் சம்பூர்ணம்.

நாச்சிமுத்து பெட்டியில் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தார் அந்த நாச்சிமுத்து.

“நல்லா இருக்கறாளுங்க. ஊட்டுக்கு வந்துட்டா” என்றார் நாச்சிமுத்து.

“சந்தோசமுங்க. உங்க ஊட்டம்மாவைச் சம்மதிக்க வெக்கத்தான் பன்னெண்டு நாளு புடிச்சுது. செரி, வெச்சுரட்டுங்களா? இன்னும் நெறைய ஊடு பாக்கி கெடக்குது.”

“என்ன ஊடு?”

“எல்லாம் நம்ம ஊடுதானுங்க” என்றார் அவர், அதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல. “ஒண்ணாம் நம்பர்லேர்ந்து அடிச்சிட்டு வர்றன். உங்களுது நாப்பத்தியொண்ணு. எல்லாச் சம்பூர்ணத்துக்கும் அதே குழாய்தானுங்களே? மொத நாலு ஊட்டுல நான் கூப்புடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முப்பத்திமூணு பேரு ஆசுபத்திரிக்குப் போயிட்டாங்க. பாக்கி நாலு பேரு இன்னும் இஞ்சிக் கசாயத்தப் புடிச்சுத் தொங்கிட்டு இருக்கறாங்க. தெனமும் சண்ட. சாயங்காலம் கூப்புட்டா உங்களாட்ட ஆளுக லைனு எப்பப் பாத்தாலும் பிஸி. அதான் காலைல பதினோரு மணிக்கு அடிக்கறது.”

நாச்சிமுத்து ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“கேக்கணும்னு இருந்தேன்” என்றார் அந்த நாச்சிமுத்து. “உங்ககிட்டத் தெனமும் பேசற பத்தொம்பது பேரு இருக்கறாங்களாமே. தனியா இருக்கறவங்க. அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?”

சொல்லவில்லை. சிலிண்டர் புக் இருக்கிற இடம் சொல்லியிருந்தார், கெபாசிட்டரின் அளவு சொல்லியிருந்தார், ஒருத்தியின் தோளும் வலிக்கிறதா என்று கேட்டதில்லை.

“மொத்தம் எத்தன நம்பருங்க இருக்குது?” என்றார்.

“மேடம் சொன்னது ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது.”

“அப்ப ஒண்ணு பண்ணுங்கண்ணா. நீங்க கீழேர்ந்து மேல வாங்க. நான் மொதல்ல அந்தப் பத்தொம்பது பேருகிட்டப் பேசிட்டு, கடைசீலேர்ந்து கீழ வர்றன். நடுவுல எங்கயாச்சும் பாத்துக்கலாம்.”

“செரிங்க தம்பி” என்றது அவருடைய குரல். நாச்சிமுத்து அண்ணன் தம்பி இல்லாமல் பிறந்தவர்.

வைத்துவிட்டு, நீலச் சட்டைக்காரியின் எண்ணை முதலில் அழுத்தினார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு கை வந்து ரிசீவரை வாங்கியது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கை.

“இப்பிடிக் குடுங்க. நீங்க சொன்னா என்னைக்குக் கேட்டிருக்கறன்?” என்றாள் சம்பூர்ணம். “நான் சொன்னாத்தான் நான் கேப்பன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுமுனையில் எடுக்கக் காத்திருந்தாள்.